இளையவள் சொன்ன ஒரு வரி

14

அஃப்ஷா அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகிறது. அதில் ஆறு மாதமாக ஹபீபாவுக்கு வயிறு எரிகிறது.

வெளியே தெரியாத எரிச்சல். முகத்தில் சிரிப்பு இருக்கும். "வந்துட்டியாம்மா, சோறு போடவா?" என்று வாய் கேட்கும். உள்ளே மட்டும் அது அடங்கிய பாடில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை வடாலாவில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் அது முற்றிப்போனது. மாமனார் மன்சூர் அலி முப்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து, "எங்க கார்கானாவுல கம்ப்யூட்டர் இப்ப தன்னால வேலை செய்யுது. எல்லாம் என் இளைய மருமக மூளை" என்று பெருமையடித்தார். திரைக்கு இந்தப் பக்கம் ஹபீபா பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்து தன் பேர் வரும் என்று நினைத்தாள். மாமனார் மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

தாராவியில் அவர்களுக்குக் கீழே கார்கானா, மேலே வீடு. நடுவில் ஓர் இரும்பு ஏணி. கீழே ஆறு மெஷின்களில் தோல் பை தைப்பார்கள். மேலே ஜன்னலோரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஆர்டர் வரும்.

அந்தக் கம்ப்யூட்டரை அங்கே உட்கார வைத்தவள் ஹபீபா. லாக்டவுன் வருஷத்தில் கடைக்காரர்கள் ஒருவரும் பை எடுக்கவில்லை. மெஷின்களை விற்றுவிட்டு சொந்த ஊரான மேலப்பாளையத்துக்கே போய்விடலாமா என்று மன்சூர் அலி யோசித்த நேரம். பைகளைக் கட்டிலில் பரப்பி, போனில் படம் எடுத்து, ஆன்லைனில் விற்கிற தளம் ஒன்றில் ஏற்றினாள் ஹபீபா. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ஐந்து வருஷம் ஒவ்வொரு ஆர்டரையும் தானே திறந்து, சரிபார்த்து, முகவரிச் சீட்டை அச்செடுத்துக் கீழே அனுப்பினாள்.

"மேல இருக்கதுதான் எங்க ஆபீஸு. மூத்த மருமகதான் மேனேஜரு" என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்ன காலம் அது.

பிறகு அஃப்ஷா வந்தாள். மான்குர்தில் பிறந்து வளர்ந்தவள். செம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. வெப்சைட்டுகளை மனிதர்களுக்குப் பதிலாகப் புரோகிராமே திறந்து, அமுக்கி, சோதித்துப் பார்க்க வைக்கிற வேலை அவளுடையது.

வந்த இரண்டாம் மாதம் அவள் ஹபீபாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். "மைனி, இதுக்கு அப்புறம் எதை அமுக்குவீங்க? இதை ஏன் முதல்ல பாக்குறீங்க?" என்று இரண்டு வாரம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். படித்த பெண் தன்னிடம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாளே என்று ஹபீபாவுக்கு ஒரே பூரிப்பு. தினமும் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள்.

மூன்றாவது வாரம், யாரும் தொடாமலே பிரவுசர் திறந்தது. ஹபீபா எதை எந்த வரிசையில் அமுக்குவாளோ அதே வரிசையில் தானே அமுக்கிக்கொண்டு போனது. அவளுக்கு இரண்டரை நிமிஷம் பிடிக்கிற ஆர்டர், ஏழு விநாடியில் முடிந்து சீட்டாக வந்து விழுந்தது. வீடே கைதட்டியது.

இவள் கற்றுக்கொள்ள வரவில்லை, என் கையைத் திருட வந்தாள் என்று ஹபீபா அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அதன் பிறகு எல்லாமே கண்ணைக் குத்தின. மகள் உமைரா வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு சாச்சி அஃப்ஷாவிடம் ஓடுவது குத்தியது. "நிஸ்தாருக்கு நல்ல லக்குதான்" என்று தம்பியின் கல்யாணத்தைப் பற்றிக் கணவன் வாசிம் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் ஆழமாகக் குத்தியது.

வியாழக்கிழமை தீபாவளி சேல் தொடங்கியது.

காலை எட்டரைக்கு அஃப்ஷா பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"மைனி, சேல் ஒன்பது மணிக்குத்தான் ஓப்பன் ஆகும். ஆர்டர் கொஞ்சம் சேரட்டும். பத்து மணிக்கு இந்த ஐகானை ரெண்டு தட்டு தட்டுங்க, போதும். மத்ததை அது பாத்துக்கும். உங்களுக்கு வேற வேலையே இல்ல."

நல்லபடியாகத்தான் சொன்னாள். ஹபீபாவின் காதில்தான் அது வேறு மாதிரி விழுந்தது. வேற வேலையே இல்லை.

"சரிம்மா. நீ பாத்துப் போ."

பத்து மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஆர்டர்கள் வந்திருந்தன. அத்தனை ஆர்டர் அந்தக் கார்கானாவுக்கு ஒரே நாளில் வந்ததில்லை. பார்சல் வண்டி ஒரு மணிக்கு வரும். அதற்குள் சீட்டு அச்சாகி, பைகள் கட்டப்பட்டு, வாசலில் இருக்க வேண்டும்.

ஹபீபா ஐகானை இரண்டு தட்டுத் தட்டினாள்.

கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்தது. நாலைந்து வரிகள் ஓடின. பிரவுசர் வரவில்லை. சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து அப்படியே நின்றது. இன்னொரு தடவை தட்டினாள். மறுபடியும் அதே சிவப்பு.

அவளுக்குப் பதற்றம் வரவில்லை, நெஞ்சுக்குள் சின்னதாக ஓர் இனிப்புத்தான் இறங்கியது. அதை உணர்ந்ததும் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"என்ன ஆச்சு? சீட்டு ஒண்ணும் வரலயே?" கீழேயிருந்து வாசிம் கத்தினான்.

"மெஷின் நின்னுட்டு."

"அஃப்ஷாவுக்குப் போன் போடு. அவ சொல்லுத மாதிரி செய்யி. நீயா எதையும் நோண்டாத!"

நீயா எதையும் நோண்டாத. ஐந்து வருஷம் யார் நோண்டினார்களாம்?

போனை எடுத்தாள். அஃப்ஷா மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள். பின்னால் ஆபீஸ் இரைச்சல்.

"சிவப்புல என்ன எழுதியிருக்கு மைனி? நம்பர் ஏதாவது இருக்கா?"

"ரெண்டு நம்பர் இருக்கு. ஒண்ணு பிரவுசரு, ஒண்ணு டிரைவருன்னு போட்டிருக்கு. ரெண்டும் வேற வேற."

"அட, புரிஞ்சிருச்சு. ராத்திரி பிரவுசர் தன்னால புது வெர்ஷனுக்கு மாறியிருக்கு. அதை ஓட்டுற டிரைவர் இன்னும் பழசு. ரெண்டும் ஒரே நம்பரா இருந்தாத்தான் ஓடும். டென்ஷன் மத் லோ மைனி, பயப்படாதீங்க. அதுக்குன்னே ஒரு கமாண்ட் இருக்கு. ஒரே வரி. அடிச்சீங்கன்னா பொருத்தமான டிரைவரை அதுவே தேடி எடுத்து இறக்கிரும். நான் சொல்லச் சொல்ல அடிக்கிறீங்களா?"

"சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இன்ஸ்டால், ஒரு ஸ்பேஸ், குரோம்டிரைவர், சேர்த்து எழுதுங்க, அட் தி ரேட், ஸ்டேபிள். ஹபீபா எழுத்து எழுத்தாக அடித்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. ஒரு முறை திருப்பிப் படித்துக்கூடக் காட்டினாள்.

"சூப்பர் மைனி! என்டர் அடிங்க. அரை நிமிஷம். அப்புறம் ஐகானைத் தட்டுங்க, எல்லாம் ஓடிரும்."

ஹபீபாவின் சுண்டுவிரல் என்டர் மேல் இருந்தது.

"அஃப்ஷா சொல்லிட்டாளா? சரியாயிட்டா?" வாசிமின் குரல் ஏணி வழியாக ஏறி வந்தது. கூடவே மாமனாரின் குரலும் வந்தது. "அவ சொல்லிட்டான்னா சரியாயிரும்ல, ஏன் கத்துத?"

ஹபீபா விரலை எடுத்துவிட்டாள்.

"என்ன வருது மைனி?"

"ஒண்ணும் வரல."

"ஓடுற மாதிரி ஏதும்...?"

"இல்ல. மறுபடியும் சிவப்பாத்தான் வருது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அந்த வரி திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வரியின் முடிவில் ஒரு கோடு மின்னி மின்னி மறைந்தது.

"சிவப்பாவா? இதுக்கு வரக் கூடாதே... நெட் இருக்குல்ல? மைனி, என்னை மீட்டிங்ல கூப்பிடுறாங்க. இன்னைக்கு நான்தான் பேசணும். நான் எப்படியாவது கிளம்பி வர்றேன். அதுவரை கையால முடிஞ்சதைப் பண்றீங்களா, ப்ளீஸ்?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஹபீபா ஆறு மாதம் காத்திருந்தாள்.

"நான் பாத்துக்கிடுதேன். நீ பயப்படாத."

கறுப்பு ஜன்னலை மூடினாள்.

மாமனார் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "என்ன புள்ள?"

"டிரைவர் சரியில்லையாம் மாமா."

"டிரைவரா? டெம்போக்காரன் ஒரு மணிக்குத்தானே வருவான்? அவன் வரலன்னா என்ன, தெருமுக்கு நாக்காவுல வேற ஆளைக் கூப்பிடுவோம்!"

"அந்த டிரைவர் இல்ல மாமா. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கது."

மன்சூர் அலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் திரையையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹபீபாவின் தோளுக்கு மேல் குனிந்து சொன்னார்.

"அது என்ன எழவோ போகட்டும். நீ இருக்கியே புள்ள. உன் கைக்கு முன்னால எந்த மெஷினு?"

ஹபீபாவின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த மூன்று மணி நேரம் அவள் வேலை பார்த்ததை அந்தக் கார்கானா வெகு நாள் பேசும். ஆர்டரைத் திற, சரிபார், சீட்டை இறக்கு, அச்சடி, அடுத்தது. விரல் தானாக ஓடியது. இரண்டரை நிமிஷம் இரண்டாகக் குறைந்தது. வாசிம் தானே டீ போட்டு எடுத்துவந்தான். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இது எத்தனையாவது டீ என்று கணக்குப் போட்டால் ஒரு கை விரலே மிச்சமாகும்.

"ஏ அப்பா, என்னா வேகம்!" என்றான் அவன். ஹபீபா திரும்பாமலே சிரித்தாள்.

ஆனால் வேகம் வேகம்தான், கணக்கு கணக்குதான். ஒரு மணிக்கு வண்டி வந்து ஹார்ன் அடித்தபோது எண்பத்தெட்டு சீட்டுகள்தான் அச்சாகியிருந்தன. நூற்று இருபத்துநாலு பாக்கி.

"கொஞ்சம் நில்லுப்பா, பத்து நிமிஷம்" என்று வாசிம் கெஞ்சினான். "பாயி, இன்னும் பதினோரு இடம் போகணும்" என்று வண்டிக்காரன் இருந்ததை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

வண்டி தெருமுனை திரும்பிய பத்தாவது நிமிஷம் அஃப்ஷா ஓடிவந்தாள். சயான் வரை ஆட்டோவில் வந்து, நெரிசலில் இறங்கி, அங்கிருந்து ஓடியே வந்திருக்கிறாள். நெற்றியில் தலைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் பேசாமலே கிளம்பிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏணியில் ஏறியவள் நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். முன்னால் என்டர் அடித்து ஓட்டியதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டும் மேல் அம்புக்குறியை ஒரு முறை அமுக்கினாள். இன்னொரு முறை அமுக்கினாள். அப்புறம் வேகமாக ஏழெட்டு முறை.

அவள் கை நின்றது. திரும்பி ஹபீபாவைப் பார்த்தாள். ஒரு விநாடிதான்.

பிறகு அந்த வரியைத் தானே அடித்து என்டரைத் தட்டினாள். சதவீதம் ஏறியது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஐகானைத் தட்டினாள். பிரவுசர் திறந்து தானே ஓட ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் நூற்று இருபத்துநாலு சீட்டும் அச்சாகித் தரையில் சரிந்தன.

வாசிம் டெம்போ பிடித்து, கட்டி முடித்த மீதிப் பைகளைப் பார்சல் கம்பெனியின் குடோனுக்கே கொண்டுபோனான். போய்ச் சேர்வதற்குள் மூன்று மணியாகி வாயிற்கதவு அடைபட்டுவிட்டது. திருப்பி எடுத்துவந்தான்.

மூன்றரைக்கு அந்தத் தளத்திலிருந்து செய்தி வந்தது. முதல் நாளே பாதிக்கு மேல் பார்சல்கள் நேரத்துக்கு வரவில்லை. ஆகவே உங்கள் கடையின் பைகள் திங்கட்கிழமை வரை யாருக்கும் காட்டப்படமாட்டா.

சேல் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

அதற்காக ஆறு பேர் ஒரு மாதமாகத் தைத்த பைகள் கீழே சுவர் தெரியாமல் அடுக்கியிருந்தன. மன்சூர் அலி அவற்றைச் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"அஃப்ஷா! இங்க வா."

அவள் ஏணியின் கடைசிப் படியில் வந்து நின்றாள்.

"உன்னை நம்பித்தானே விட்டோம்? நீ பாட்டுக்கு ஆபீஸுக்குப் போயிட்ட. உன் மெஷினு சமயத்துல கைய விரிச்சிட்டு. இவ மட்டும் இல்லன்னா அந்த எண்பத்தெட்டும் போயிருக்காது. இன்னையோட அந்தப் புரோகிராம அழிச்சிரு. இனி ஹபீபா கையாலயே பாக்கட்டும். நீ அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே வர வேண்டாம்."

மெஷின்களில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமனார் இளைய மருமகளிடம் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

அஃப்ஷாவின் உதடு அசைந்தது. இதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தாள் ஹபீபா.

"சரி மாமா" என்றாள் அஃப்ஷா.

மேலே வந்து முகம் கழுவப் போனவளின் பின்னாலேயே ஹபீபா போனாள். கதவைச் சாத்தினாள். கேட்க வந்தது வேறு, வாயில் வந்தது வேறு.

"மாமா கோவத்துல சொல்லுதாவ. மனசுல வெச்சுக்கிடாத."

அஃப்ஷா துண்டால் முகத்தைத் துடைத்தாள். "மைனி, நீங்க என்டர் அடிக்கல."

ஹபீபா சாத்திய கதவில் தாழ்ப்பாளையும் போட்டாள்.

"தப்பா அடிச்சிருந்தாக்கூட அது ஞாபகம் வெச்சிருக்கும். அம்புக்குறிய அமுக்கினா காட்டும். என்டர் அடிக்காததை மட்டும்தான் காட்டாது."

"தெரிஞ்சும் ஏன் கீழ சொல்லல?"

"சொன்னா? அஞ்சு வருஷமா நீங்க சேத்து வெச்ச பேரு ஒரு நிமிஷத்துல போயிரும். நான் நேத்து வந்தவ. எனக்குத் திட்டு விழுந்தா ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."

ஹபீபாவுக்கு ஓங்கி ஓர் அறை விழுந்திருந்தால் தேவலை என்றிருந்தது. படிப்பில் ஜெயித்தாள், சம்பாத்தியத்தில் ஜெயித்தாள். மகளிடமும் மாமனாரிடமும் ஜெயித்தாள். இப்போது நல்ல மனசிலும் இவளே ஜெயிக்க வேண்டுமா? இந்த உதவியை வாங்கிக்கொண்டு, இவள் முகத்தில் விழித்துக்கொண்டு, எத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைப்பது?

நல்ல எண்ணத்தால்தான் அவள் கீழே இறங்கினாள் என்று சொன்னால் அது பொய். அந்தக் கடன் அவளுக்கு வேண்டாம். அதனால்தான் இறங்கினாள்.

மன்சூர் அலி தோல் வெட்டும் பலகையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாசிம், டெம்போவிலிருந்து இறக்கிய பைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"மாமா, அஃப்ஷா மேல தப்பில்ல. அவ காலையிலயே போன்ல சொல்லிட்டா. நான்தான் என்டர் அடிக்கல."

"என்னது அடிக்கல?"

"என்டர்."

"அப்படின்னா?"

ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்து வந்தாள் ஹபீபா. இப்போது அதை விளக்கி வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்குள் ஏணியில் அஃப்ஷாவின் குரல். "அது ஒண்ணுமில்ல மாமா. மைனிக்குக் கை தவறிருச்சு. புதுசா பண்ற எல்லாருக்கும் ஆகும்."

"கை தவறல!" ஹபீபா கத்தியேவிட்டாள். "எனக்காகப் பொய் சொல்லுதா மாமா. அது ஒரு பட்டன். அவ சொன்ன வரிய முழுசா அடிச்சேன். அந்தப் பட்டனை அமுக்கியிருந்தா பத்து மணிக்கே எல்லாம் ஓடியிருக்கும். இருநூத்திப் பன்னண்டும் வண்டியில ஏறியிருக்கும். தெரிஞ்சேதான் அமுக்கல. சரியாகலன்னு அவகிட்ட பொய்யும் சொன்னேன்."

பக்கத்து மெஷின் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது.

"ஏன் புள்ள?" மன்சூர் அலியின் குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"பொறாமை மாமா. வேற ஒண்ணுமில்ல."

அவர் பலகையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தார். விரலால் தடவினார். திரும்ப வைத்தார். அவளைப் பார்க்காமலே ஏணிப் பக்கம் திரும்பினார்.

"அஃப்ஷா, புரோகிராம அழிக்காண்டாம். அந்த வரிய ஒரு தாள்ல எழுதி இவகிட்டக் குடு. திங்கக்கெழமை இவளே ஓட்டட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிடுதேன்."

பக்கத்துல உக்காந்து. ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. ஹபீபா தலையாட்டினாள்.

அப்போதுதான் வாசிமைத் தேடினாள். எண்ணிக்கொண்டிருந்த பைகள் பாதியில் கிடந்தன. அவன் அவளைத் தாண்டி, அஃப்ஷா ஒதுங்கி வழிவிட, ஏணியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தான். "இந்தாங்க..." என்று ஹபீபா கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

மேலே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அவள் அம்மாவிடம் போனில் அவன் பேசுவது படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது.

"மாமி... அஸ்ஸலாமு அலைக்கும். வாசிம் பேசுதேன், பம்பாயிலேந்து. இல்ல, உமைராவுக்கு ஒண்ணுமில்ல. மாமா பக்கத்துல இருக்காவளா? ஹபீபா விஷயமா கொஞ்சம் பேசணும்."